மூன்றாம் நாள் தட்டு

ஈராக்கின் பஸ்ராவில் துக்க வீட்டுக்கு வரும் பெண்களுக்குக் கசப்புக் காப்பியோடு சிகரெட்டையும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் இறந்தவரையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஸபீஹாவின் கணவர் ஹாத்திம் நுரையீரல் புற்றில் இறந்து அன்று மூன்றாம் நாள். அவளுக்கும் நெஞ்சில் ஒரு கட்டி இருந்தது. புகையை அறவே விட்டால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அறை முழுக்கப் புகை. நாத்தனார் பத்ரியா தட்டோடு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"எடுத்துக்க அண்ணி."

"வேணாம்."

"எங்கண்ணன் மண்ணுக்குள்ள போயிட்டான். நீ மட்டும் உன் நெஞ்சைப் பத்திரமா வச்சுக்கிறியாக்கும்?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பத்ரியா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஸபீஹாவின் முகத்தில் ஊதினாள்.

"அவனுக்காக ஒண்ணே ஒண்ணு. செத்தா போயிடுவ?"

ஸபீஹாவுக்கு எச்சில் ஊறியது. கண்ணை மூடி அந்தப் புகையை முகர்ந்தாள். கை தானாகவே தட்டுவரை போனது. பிறகு அவள் தட்டை பத்ரியாவின் பக்கமே தள்ளினாள்.

"உன் துக்கத்துக்கு வந்து ரெண்டா எடுத்துக்கிறேன் பத்ரியா. அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணும்ல?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசை வரும்போதெல்லாம் பேரக்குழந்தைகளை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்றிலிருந்து ஸபீஹா நாத்தனாரின் சவப்பெட்டியை நினைத்துக்கொண்டாள். பேரக்குழந்தைகளைவிட அது நன்றாக வேலை செய்தது.