அழுக்குக் காடு

"மெஷின் ரம்பத்தைக் கீழ வை வில்பெர்த். சொல்றேன்ல, கீழ வை."

"என்னக்கா நீங்க? நல்லதுக்குத்தானே வந்திருக்கோம். இன்னையிலேர்ந்து ஒன்பது நாள் ஜெபத்துக்கு ஊரே இங்க வரப்போகுது. இந்தக் குப்பைக்கு நடுவுலயா எல்லாரையும் நடக்க வைப்பீங்க?"

"குப்பையா? உன் மச்சான் பத்தொன்பது வருஷமா வளர்த்தது உனக்குக் குப்பையா?"

"அவரு எங்க வளர்த்தாரு? அது தானா முளைச்சுது. அவரு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

யாரோ சிரித்தார்கள். தோபியாஸாகத்தான் இருக்கும். சாவு வீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

அடுப்படியில் எர்மினியா வாழையிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இலையில் மடித்து அவிக்கும் தமாலுக்கு மக்காச்சோள மாவு பிசைந்த கை. ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வெளியே சண்டை போடுகிறவர்களில் ஒருத்தி அவளுடைய அண்ணி ஒதிலியா. இன்னொருவன் எர்மினியாவின் புருஷன் வில்பெர்த். முன்னறையில் பெட்டிக்குள் இருப்பது அவளுடைய அண்ணன் பெலிசாரியோ. நேற்று விடிகாலையில் போனான். மூச்சு வாங்கி வாங்கி, கடைசியில் வாங்க முடியாமல். நான்கு மணிக்கு எடுப்பதாக இருந்தார்கள்.

"யாரைக் கேட்டு வந்தீங்க நீங்கள்லாம்?" ஒதிலியாவின் குரல் உயர்ந்தது.

"யாரைக் கேட்டா? உங்க நாத்தனாரைக் கேளுங்க. நேத்து அவதான் எல்லார் வீட்டுக்கும் போயி, அண்ணன் நிலத்தைச் சுத்தம் பண்ணிக் குடுங்க, எனக்கு மானம் போகுதுன்னா."

எர்மினியா துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள்.

சரப்பிக்கி ஆற்றோரம் எங்கள் குடியிருப்பில் சாவு விழுந்த வீட்டுக்கு ஆண்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வெட்டுக்கத்தியோடு வந்து, இறந்தவரின் நிலத்தைச் சுற்றிப் புதர் வெட்டி, விழுந்த கட்டைகளை இழுத்துப்போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். அது மரியாதை. சுத்தமான நிலம் என்றால் உழைத்தவன் நிலம். வில்பெர்த்தின் காடு அப்படித்தான் இருக்கும். உயரமான மரங்கள், அடியில் மழித்த மாதிரி புல். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் மேயும் மாடு தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் பெலிசாரியோவின் நிலம். ஒரு காலத்தில் மேய்ச்சல் தரை. மாடுகளை விற்றுவிட்டு அப்படியே விட்டான். முள் வந்தது, கொடி வந்தது, மரம் வந்தது. நடுவில் இடி விழுந்து செத்துப்போன ஒரு அல்மெந்த்ரோ மரம், உச்சியில் ஒரு பெரிய பொந்தோடு மொட்டையாக நின்றது. அதையும் அவன் தொடவில்லை. ஊரில் அதற்குப் பெயர் அழுக்குக் காடு. எர்மினியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவே கூச்சமாக இருந்த வருடங்கள் உண்டு.

"எதுக்குண்ணே இப்படிப் போட்டு வச்சிருக்க?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒரோபோப்போ வரும்."

ஒரோபோப்போ என்பது பெரிய ஆந்தை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது. சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காடு போனதும் அதுவும் போய்விட்டது. "மரம் மட்டும் நின்னாப் போதுமா? முட்டை வைக்கப் பொந்து வேணும். பொந்து கிழட்டு மரத்துலயும் செத்த மரத்துலயும்தான் விழும். எலி புடிக்கப் புதர் வேணும். பகல்ல மறைஞ்சு உக்கார கொடி வேணும். உன் புருஷன் காட்டுல என்ன இருக்கு? ஆந்தை அங்க பந்து விளையாடவா வரும்?" என்பான் பெலிசாரியோ.

வில்பெர்த் விட மாட்டான். "மச்சான், உங்க காட்டுல ஆந்தை வந்து குஞ்சு பொரிச்சா, அந்தப் பட்டமரத்துக்கு முன்னாடி நான் தொப்பியைக் கழட்டுறேன்."

ஊரே சிரிக்கும். வில்பெர்த் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. வழுக்கை விழுந்த நாளிலிருந்து கோயிலுக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிடுவான்.

ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, பொழுது சாயும் நேரத்தில் நின்று, கேட்ட ஆந்தைகளை எழுத வேண்டும். பெலிசாரியோ போய் நிற்பான். வந்து பூஜ்யம் எழுதுவான். பத்தொன்பது வருடமும் பூஜ்யம்.

ஒதிலியா உள்ளே வந்தாள். எர்மினியாவைத் திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள். அலமாரி மேலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு வாரம் முன்னாடி உன்னை ஏதோ எழுதச் சொன்னாராம். எர்மினியா எழுதிட்டாளான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எழுதிட்டாள்னு நான் சொல்லிட்டேன். இப்பத்தான் எடுத்துப் பாக்குறேன். காலியா இருக்கு."

எர்மினியா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"என்ன எழுதச் சொன்னாரு?"

வெளியே மெஷின் ரம்பம் இரண்டு தடவை இருமிவிட்டுக் கத்த ஆரம்பித்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மழை விட்ட ஒரு மாலை. எர்மினியா அண்ணனுக்குத் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கமிருந்து தகரத்தை ஆட்டினால் வருவது போல ஒரு சத்தம். புப், புப், புப் என்று வேகமாக வந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வேறொரு பக்கத்திலிருந்து இன்னொன்று, கொஞ்சம் கீச்சென்று பதில் சொன்னது. நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் ஆந்தை கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"தொறடி," என்றான் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு. ஜோடி. காகிதத்துல எழுது. ரெண்டுன்னு எழுது."

"நாளைக்கு எழுதுறேண்ணே."

எழுதினால் அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். எழுதவில்லை. அவன் போய்விட்டான்.

கையைக்கூடத் துடைக்காமல் எர்மினியா வெளியே ஓடினாள். தூறல். சாவுக்குப் போட்ட கறுப்புப் பாவாடை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று எடுத்துவிட நேரமில்லை. பட்டமரத்தின் அடியில் ஆறு பேர். வில்பெர்த் ரம்பத்தை மரத்தோடு வைத்திருந்தான். அல்மெந்த்ரோ இரும்பு மாதிரி. ஒரு விரல் ஆழம் போவதற்குள் புகை வந்துவிட்டது.

"நிறுத்துங்க!"

கேட்கவில்லை. ரம்பத்துக்கும் மரத்துக்கும் பக்கத்தில் போய் மரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வில்பெர்த் பதறிப்போய் மெஷினை அணைத்தான்.

"பைத்தியமாடி உனக்கு? கை போயிருக்கும்!"

"வெட்ட வேணாம்."

"நீதானே கூப்புட்ட?"

"நான்தான் கூப்புட்டேன். நான்தான் போகச் சொல்றேன். காபி போட்டிருக்கு, போய்க் குடிங்க."

தோபியாஸ் வெட்டுக்கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டான். "அண்ணன் போயி ஒரு நாள் ஆகல, தங்கச்சிக்கு அதே வியாதி வந்துருச்சே."

"உள்ள ஆந்தை இருக்கு," என்றாள் எர்மினியா.

"யார் பாத்தா?"

"அண்ணன் கேட்டான். ரெண்டு."

வில்பெர்த் தணிந்த குரலில் பேசினான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "அவரு காய்ச்சல்ல கெடந்தாரும்மா. ஆயிரம் கேட்டிருக்கும்."

"நானும் கேட்டேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

வில்பெர்த் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ரம்பத்தை ஒரு கைக்கு மாற்றி, இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவித் திருப்பிப் பிடித்தான்.

"சரி. பின்பக்கத்தால மூணு தடவை தட்டுறேன். இருந்தா வெளிய வரும். வரலைன்னா நீ வீட்டுக்குப் போற. நான் வேலையை முடிக்கிறேன். நாலு மணிக்குள்ள முடிக்கணும்."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது?

தட்டினான். ஒன்றுமில்லை. எல்லோரும் மழையில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது தடவை தட்டினான். பொந்து கறுப்பாக அப்படியே இருந்தது. தோபியாஸ் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான். வீட்டிலிருந்து ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு கேட்டது.

மூன்றாவது தட்டு.

எர்மினியா கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் முதலில் அவள் பார்க்கவில்லை. தோபியாஸ் "அட சாமி!" என்று சொன்னதைத்தான் கேட்டாள்.

பொந்தின் விளிம்பில் ஒரு பஞ்சுப் பொட்டலம். அவ்வளவு வெள்ளை. நடுவில் கரி பூசின மாதிரி கறுத்த முகம். தூக்கத்தைக் கெடுத்த கோபத்தோடு அது கீழே ஆறு ஆண்களையும் ஒருத்தியையும் வரிசையாகப் பார்த்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. பசிக் குரல்.

"குஞ்சு," என்றான் வில்பெர்த்.

புப், புப், புப். சத்தம் மேலேயிருந்து வரவில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அடுத்ததாக வெட்டலாம் என்று தோபியாஸ் குறித்து வைத்திருந்த கொடிச் சிக்கலுக்குள், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பெரிய ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. மஞ்சள் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஆற்றுப் பக்கத்து மரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

தோபியாஸ் கத்தியை உறைக்குள் போட்டான்.

சத்தம் கேட்டு ஒதிலியா குடையில்லாமல் வந்திருந்தாள். மேலே பார்த்தாள். கொடிக்குள் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். புருஷன் பெட்டியில் கிடக்கும்போது சிரிக்கிறாளே என்று யாரும் நினைக்கவில்லை. "வில்பெர்த்து," என்றாள் மூச்சுத் திணறி, "ஒரு பேச்சு பேசினியே. ஊருக்கே தெரியும்."

"அக்கா, மழை பெய்யுது..."

"பத்தொன்பது வருஷம் மழையில நின்னாரு."

வில்பெர்த் ரம்பத்தைத் தரையில் வைத்தான். பிறகு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக் கழற்றினான். கோயிலில்கூட யாரும் பார்க்காத தலை. மழை அதில் பட்டுக் காதோரம் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. தோபியாஸ்கூடச் சிரிக்கவில்லை. தன் தொப்பியையும் கழற்றிக்கொண்டான். அப்புறம் மற்றவர்களும்.

"ஜெயிச்சுட்டீங்க மச்சான்," என்றான் வில்பெர்த், மரத்தைப் பார்த்து.

நான்கு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். பெரிய பாதையில் தூக்கிப் போயிருக்கலாம். காட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னது வில்பெர்த். ஒரு ஆள் போகும் அகலம்தான் இருந்தது. ஒரு கொடியைக்கூட வெட்டவில்லை. பெட்டியைச் சாய்த்து, குனிந்து, "பாத்து, பாத்து, கிளை!" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி சத்தத்தோடு தூக்கிப் போனார்கள். மேலே வைத்த மலர் வளையத்தைக் கொடி ஒன்று பிடுங்கி வைத்துக்கொண்டது. யாரும் திரும்பப் போய் எடுக்கவில்லை.

கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், முன்னறையில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எர்மினியா அந்தக் காகிதத்தோடு பெட்டியருகில் வந்தாள். கையில் மாவு காய்ந்து உதிர்ந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு 2 என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்றைய தேதி. பக்கத்தில் 3. பென்சில் ஒடியும்படி அழுத்தி எழுதினாள்.

பெட்டியில் முகத்துக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. காகிதத்தை அதற்கு மேலே விரித்துப் பிடித்தாள். அண்ணனுக்குக் கிட்டத்தில் வைத்தால் எழுத்து தெரியாது என்று ஞாபகம் வந்தது. கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்தில், வெட்டாமல் விட்ட பட்டமரம் ஏதாவது நிற்கிறதா? பொழுது சாயும்போது அதிலிருந்து என்ன சத்தம் கேட்கிறது? இரண்டு வரியானாலும் கீழே எழுதுங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.