முழங்கை மடங்காத பயிற்சியாளர்

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு பல்கலைக்கழகப் பேஸ்போல் அணிக்குப் பந்தெறி பயிற்சியாளராக யாக்கோபு நியமிக்கப்பட்டபோது, அவர் அந்த விளையாட்டை ஒருநாளும் பார்த்திருக்கவில்லை. அவரை நியமித்த மாட்டியாவும் அதிகம் பார்த்தவன் இல்லை. அணிச் செயலாளர் பதவி, வேறு யாரும் வேண்டாம் என்றதால் அவன் தலையில் விழுந்தது.

மாட்டியாவின் தாய் வீட்டில்தான் யாக்கோபு வருடக்கணக்காகப் பளிங்குப் படி துடைத்து வந்தார். ஒரு ஞாயிறு கால்சாக் கடற்கரைப் புல்வெளியில் தன் ஊரான மன்னார் இளைஞர்களோடு கிரிக்கெட் ஆடியபோது, அவர் போட்ட பந்து மூன்று குச்சிகளையும் பறக்கவிட்டதை மாட்டியா கண்டான். பந்து உருண்டை, கட்டை மரம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தாயிடம் கேட்டானாம். இனிப் படி துடைப்பது யார் என்பதுதான் தாயான சிஞ்ஞோராவின் கேள்வி.

யாக்கோபின் மனைவி அகஸ்ரீனா அடுத்த பூசைக்கே கோவில் முழுக்கச் சொல்லிவிட்டாள், தன் கணவர் யூனிவேர்சிற்றியில் படிப்பிக்கிறார் என்று. என்ன பாடம் என்று மரியமலர் கேட்டாள்.

"கை" என்றாள் அகஸ்ரீனா.

யாக்கோபின் பாடம் ஒன்றே: முழங்கை மடங்கக்கூடாது. மடக்கிப் பந்து போடுகிறவனை அவர் ஊரில் கோழி களவெடுத்தவனைப் போலத்தான் பார்ப்பார்கள். இங்கே வந்தால் முழு அணியும் கூச்சமில்லாமல் மடக்கிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முழங்கைக்கும் பாஸ்தா கிண்டும் மரக்கரண்டி வைத்துத் துணியால் கட்டினார். பந்து நிலத்தில் ஒருமுறை குத்தி எழும்ப வேண்டும் என்றும் படிப்பித்தார்.

முதல் ஆட்டங்களில் இது அற்புதமாக வேலை செய்தது. குத்தி எழும்பும் பந்தைக் கண்ட எதிரணியினர் பதறிப்போய்க் கட்டையை வீசினார்கள், தவறவிட்டார்கள், வெளியேறினார்கள். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தடையேதும் காணவில்லை என்றார்.

பிறகு எதிரணியான கத்தானியாக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குத்தி வரும் பந்தை அடிக்காமல் விட்டால் அது பிழைப்பந்து. நான்கு பிழைப்பந்துக்கு, அடிக்க நிற்பவர் சும்மா முதல் தளத்துக்கு நடந்து போகலாம்; அங்கே நிற்பவர் அடுத்ததற்கு நகர்வார், சுற்றி முடித்தால் ஓர் ஓட்டம். நடந்தார்கள். நடந்து நடந்தே வென்றார்கள். ஒருவன் பாண் தின்றுகொண்டே சுற்றி வந்தான்.

மெசினாவோடு நடக்கும் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் பழையபடி படிதான் என்று மாட்டியா சொல்லிவிட்டான். படி துடைப்பது யாக்கோபுக்குக் கஷ்டமில்லை. கோவில் வாசலில் மரியமலர் அகஸ்ரீனாவிடம் என்ன கேட்பாள் என்பதுதான் கஷ்டம்.

மெசினாக்காரரும் நடக்கத் தொடங்கினார்கள். பந்தெறிய நின்றவள் மொனிகா, பலெர்மோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் வந்தாள்.

"அங்கிள், எனக்குக் கையை மடக்கத் தெரியும். ஓம் எண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ."

"அது களவு, பிள்ளை."

"இஞ்சை அதுதான் விளையாட்டு."

"தெரியும்."

"பின்னை என்ன?"

"என்ரை கண்ணுக்கு முன்னாலை ஏலாது."

"அப்ப திரும்பி நில்லுங்கோவன். சுவரைப் பாருங்கோ. அன்ரி கோவிலுக்குப் போகவேணுமெல்லோ."

யாக்கோபு திரும்பினார். செத்தவீட்டில் நிற்பவரைப் போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பின்னால் பந்து கையுறைக்குள் போய் அறையும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று சிலுவைக்கு ஒருவர் வெளியேறினார்.

வென்றார்கள். வேலை நிலைத்தது. அன்றுமுதல் எல்லா ஆட்டத்திலும் யாக்கோபு மைதானத்துக்கு முதுகைக் காட்டியே நின்றார். இந்த முறையின் சூட்சுமம் என்னவென்று கேட்டுக் கத்தானியாப் பயிற்சியாளர் ரயிலேறி வந்தார். பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார் யாக்கோபு. வந்தவர் ஆழமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த பருவத்தில் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஆட்டம் முடிந்து வெகுநேரமாகியும் நின்றார்கள். மொனிகாதான் வந்து தோளில் தட்டினாள்.

"நாங்கள்தான் வெண்டது, அங்கிள். திரும்புங்கோ, லைற்றை நிப்பாட்டப்போகினம்."