கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு மேசை

பரஸ்தூவின் அடையாள அட்டை அன்று காலையில் ஆய்வகக் கதவைத் திறக்கவில்லை. பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. உள்ளே உலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னைக் கண்ணாடி வழியாகக் கூப்பிட்டாள். நான் போய்த் திறந்தேன்.

“அட்டைமேல உக்காந்து ஒடச்சிட்டியா?”

“உன்ன மாதிரி நான் என்ன யானையா, ஓவைன்?” என்றபடி உள்ளே கால் வைத்தவள், கைப்பேசியில் வந்திருந்த மின்னஞ்சலைப் பார்த்து நின்றாள். படித்து முடித்ததும் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“கதவச் சாத்து. என்ன உள்ள விட்டா உனக்கும் வம்பு.”

இங்கே பிரிட்டனில் சில படிப்புகளுக்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும். உலோகம், அணு, விமானம் என்று ஆயுதமாகத் திரும்பக்கூடிய எதுவானாலும் சரி, பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வகத்தை எட்டிப்பார்க்கக்கூட முடியாது. பரஸ்தூ ஈரானில் கெர்மான் ஊர்க்காரி. அதுவரை படித்தது, எழுதியது, வேலை பார்த்தது எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து அதை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். நான் வேல்ஸ்காரன். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே உலை, அதே உலோகப் பொடி, அதே பேராசிரியர்.

அவள் செய்துகொண்டிருந்தது செயற்கை இடுப்பு மூட்டுக்கான பூச்சு. அவளுடைய அப்பாவுக்கு வைத்த மூட்டு தேய்ந்துபோய், அறுத்த இடத்திலேயே மறுபடி அறுத்தார்கள். தேயாத பூச்சு ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாளாம். கண்டுபிடித்தும்விட்டாள், கிட்டத்தட்ட. ஆனால் அந்தப் பூச்சு தேய்மானத்தை மட்டுமல்ல, பயங்கரச் சூட்டையும் தாங்கியது. அதுதான் வினை. எங்கள் பேராசிரியர் அலிஸ்டர் பிரிங்கிள் அவளுடைய முடிவுகளை விமான எஞ்சின் செய்யும் ஒரு நிறுவனத்திடம் காட்டி, பெரிய நிதிக்குப் பேசி முடித்தார். அவளைக் கேட்காமலே அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பை மாற்றி அந்த நிதிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். மூட்டு செய்துகொண்டிருந்த பெண் ஒரே நாளில் காகிதத்தில் எஞ்சின் செய்பவளாகிவிட்டாள். தலைப்பு மாறினால் புது ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழக அலுவலகம் அட்டையை முடக்கியது.

அலிஸ்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழையில் சைக்கிளில் வந்து, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகியபடியே பாடம் நடத்துவார். கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் தன் கையால் கேக் சுட்டுக்கொண்டு வருவார். அன்றும் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் போட்டுக்கொடுத்துத்தான் ஆரம்பித்தார்.

“பாரும்மா, இது வெறும் சம்பிரதாயம். புது சான்றிதழுக்கு எழுதிப் போடு. வர்ற வரைக்கும் உலை வேலைய ஓவைன் பாத்துக்கட்டும். கட்டுரையில உன் பேரு ரெண்டாவதா இருக்கும்.”

“என் பூச்சுக்கு நான் ரெண்டாவதா?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இல்லன்னா நிர்வாகவியல் துறைக்கு மாறிக்கோ. அங்க ஒப்புதலே வேண்டாம்.”

“அலிஸ்டர், என் ஆராய்ச்சி மாறல. தலைப்ப மாத்தினது நீங்க. பழையபடி மாத்துங்க. பழைய சான்றிதழ் செல்லும். நான் நாளைக்கே உள்ள போயிடுவேன்.”

“நிதி போயிடும்.”

“அது உங்க நிதி. இது என் படிப்பு.”

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ ஆய்வகத்துக்கு வரலன்னா, பல்கலைக்கழகம் விசா அலுவலகத்துக்குச் சொல்லியாகணும். அதையும் யோசிச்சுக்கோ” என்றார்.

பரஸ்தூவின் முகம் வெளுத்துப்போனது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது, தேநீர் அறையிலிருந்த மேசையை அவள் நடைபாதையில் இழுத்து வந்துகொண்டிருந்தாள். தரை கிறீச்சிட்டது. நேராகக் கொண்டுவந்து ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே போட்டு, கணினியை வைத்து, பிஸ்தாப் பருப்பு டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள்.

“என்னடி பண்ற?”

“வேலைக்கு வந்திருக்கேன். வரலன்னுதானே சொல்லப்போறாங்க? இங்க மேல கேமரா இருக்கு. நல்லாப் பாத்துக்கட்டும்.”

நான் அவள் பக்கத்தில் குனிந்து, “உலை வேலைய நான் செய்ய மாட்டேன். உனக்காக இதக்கூடச் செய்யலன்னா எப்படி?” என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்காகன்னு ஒண்ணும் செய்யாத. எனக்குத் தியாகி தேவையில்ல. மாட்டேன்னு சொல்றதா இருந்தா உனக்காகச் சொல்லு. அடுத்தவ வேலையத் திருட மனசில்லன்னு சொல்லு. அப்படிச் சொல்ல முடியலன்னா போய் உலையப் பத்தவை, நான் தப்பா நெனக்க மாட்டேன்.”

காது சுட்டது. உள்ளே போய் என் சொந்த வேலையைப் பார்த்தேன். உலை வேலையைப் பற்றி அலிஸ்டர் கேட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

அலிஸ்டர் சொன்னபடி புது ஒப்புதலுக்கும் அவள் எழுதிப் போட்டாள். “கேட்டதெல்லாம் குடுத்திருக்கேன். மறைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்றாள். இலையுதிர்காலம் போய்க் குளிர் வந்தது. நடைபாதையில் வெப்பக் குழாய் கிடையாது. கோட்டும் கையுறையுமாக அவள் தட்டச்சு செய்வாள். முதலில் எல்லோரும் சங்கடப்பட்டுச் சுற்றிப் போனார்கள். பிறகு மெல்ல நின்று பேச ஆரம்பித்தார்கள். சீன மாணவர்கள் சிலர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலரும் ஒப்புதலுக்குக் காத்திருந்தவர்கள்தான். அலிஸ்டர் மட்டும் கைப்பேசியைப் பார்த்தபடியே அவளைக் கடந்து போவார்.

ஜனவரியில் அந்த எஞ்சின் நிறுவனத்திலிருந்து ஹெஸ்கெத் என்ற அம்மா ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். அதற்கு முந்தைய நாள் அலிஸ்டர் பரஸ்தூவிடம் வந்து, “நாளைக்கு ஒரு நாள் மட்டும் நூலகத்துல உக்காரேன்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“நூலகத்துல என் பூச்சு இல்லையே.”

ஹெஸ்கெத் அம்மா வந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டுதான் கதவுக்குப் போக வேண்டியிருந்தது. நின்று, “இங்க ஏம்மா குளிர்ல உக்காந்திருக்கே?” என்றார்.

பரஸ்தூ எழுந்து நின்றாள். “நீங்க பாக்க வந்த பூச்சச் செஞ்சவ நான்தாங்க. நீங்க உள்ள போகலாம். நான் போகக்கூடாது.”

கதவைத் திறந்துவிட நானும் அங்கே நின்றிருந்தேன். ஹெஸ்கெத் அம்மா அலிஸ்டர் பக்கம் திரும்பினார்.

“நீங்க எங்ககிட்ட காட்டின அளவெல்லாம் இந்தப் பொண்ணோடதா?”

“குழுவோடது...” என்று இழுத்தார் அலிஸ்டர். “அது... ஆமா, பெரும்பாலும் அவளோடதுதான். இனிமே ஓவைன் பாத்துப்பான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அலிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம்.

“நான் பாத்துக்க மாட்டேன்” என்றேன். “இன்னொருத்தர் வேலைய என் பேருல செய்ய எனக்கு விருப்பமில்ல.”

பரஸ்தூ என் பக்கம் திரும்பவில்லை. பிஸ்தா டப்பாவை மட்டும் என் பக்கமாகத் தள்ளினாள்.

ஹெஸ்கெத் அம்மா உள்ளே போனார், பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். நிறுவனம் நிதியை வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நியாயத்துக்காக என்று சொல்ல முடியாது. செய்தவள் வெளியே, இனிமேல் செய்ய வேண்டியவன் மாட்டேன் என்கிறான். அப்படிப்பட்ட இடத்தில் யார் பணம் போடுவார்கள்?

அதே மாதம் பரஸ்தூவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மறுப்பு. காரணம் எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு அவள் கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. முகத்தைக்கூடத் துடைக்காமல் நேராக அலிஸ்டர் அறைக்குப் போய்க் கதவை அகலத் திறந்துவைத்தே பேசினாள். மாடி முழுக்கக் கேட்டது.

“எஞ்சினுக்கு இல்லன்னுட்டாங்க. சரி. எஞ்சின் கேட்டது நான் இல்ல. நிதியும் போச்சு. இனிமே எதுக்காக அந்தத் தலைப்பப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? மூட்டுக்கு வாங்கின ஒப்புதல் இன்னும் எங்கையில இருக்கு. போடுங்க கையெழுத்த!”

அலிஸ்டர் போட்டார். மனம் மாறி அல்ல, அவர் கையில் வேறெதுவும் மிச்சமில்லை. ஒரு வாரத்தில் அட்டைக்குப் பச்சை எரிந்தது. அவள் உள்ளே வந்து, தூசி படிந்திருந்த தெளிப்புக் கருவியைத் திட்டிக்கொண்டே கழற்றிப் போட்டுத் துடைத்தாள். மேசையைத் தேநீர் அறைக்கு நான்தான் இழுத்துப் போனேன்.

அலிஸ்டர் அதன்பிறகு என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசியதில்லை. எனக்கு அவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் நான் நேரத்துக்கு வருபவன் என்று இருந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் வேலை கிடைத்தது.

பரஸ்தூ மூட்டில்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். அந்த மறுப்புக்கு மட்டும் இன்னும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. போன வாரம் தொலைபேசியில், “விட்டுத் தொலையேன். பட்டந்தான் வாங்கிட்டியே” என்றேன்.

“நான் என்ன தப்பு செஞ்சேன்னு அவங்க சொல்லணும். இல்ல, ஒண்ணும் செய்யலன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு” என்றாள். “சரி, ஃபோன வெய்யி. இன்னிக்கு மறுபடி எழுதணும்.”