மஞ்சள் லாட்டு ஓடிய வாரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கைக்குட்டையிலிருந்து கிடைத்தது. பல்லடத்தில் திருப்பூர் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள், மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு, முகம் துடைக்க அதை எடுத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று திட்டுத்திட்டாகக் கறை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரோடது. எத்தனை தொவைச்சாலும் போகாது" என்றார். பெயர் வெள்ளையம்மாள். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அருள்புரத்தில் இறங்குவதற்குள் பாதிக் கதையைச் சொல்லி முடித்தார்.

2

முதல் தொடக்கம்: 'வயிற்றுப்புண் என்பது இரைப்பையின் உட்சுவரில்…' அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தது.

இரண்டாவது: 'பிழைப்போமா என்று காசிமாயனுக்குத் தெரியாது…' அதையும் அடித்தேன். எனக்கே தெரியாதே!

மூன்றாவது, இது நிற்கட்டும்: 2005, தீபாவளிக்கு முந்தைய மாதம். திருப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். சாயப்பட்டறை ஆவியின் புளித்த வாசம், கடைக்குக் கடை பொரியும் போண்டா, ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு குடும்பம் குடும்பமாய்க் கடைவீதியில் இடிபடும் கூட்டம். கஷ்டம்தான். ஆனாலும் அதைச் சொல்லும்போது வெள்ளையம்மாளின் முகம் மலர்ந்தது. எனக்கும் அந்த ஊர் இப்போது ஏக்கமாகத்தான் இருக்கிறது.

3

காசிமாயன் வெள்ளையம்மாளின் கணவன். அருள்புரத்தில் ஒரு பட்டறையில் சாயப்பொடி கலக்குவான். கலந்த பிறகு ஈரத்துணியைச் சாயத்தில் தூக்கிப் போடுவதும் அவன்தான். பொடி பறந்து மூக்கில் ஏறும். ஒரே நிறத்தில் சாயமேற்றும் துணிக் குவியலுக்கு லாட்டு என்று பெயர். சிவப்பு லாட்டு ஓடினால் சளி சிவப்பு, நீலம் ஓடினால் நீலம். அதை வைத்தே பட்டறையில் கேலி நடக்கும்.

(இது அருவருப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். கதையே இதில்தான் இருக்கிறது.)

தோள்வலி உயிரை எடுத்தது. ஷிப்மென்ட் நெருக்கும்போது லீவு போட முடியுமா? கூட வேலை செய்த மயில்சாமி நல்ல மனுஷன். காலையில் டீயோடு ஒரு வலி மாத்திரையையும் நீட்டுவார்.

"போட்டுக்குங்க மாப்பிள. வலி பறந்துருமுங்க."

வெறும் வயிற்றில் மாத்திரை, மேலே டீ. மாதக்கணக்கில் இதுதான் அவனுக்குக் காலைச் சாப்பாடு. பிறகு ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாய்ப் போனது. காசிமாயன் அலட்டிக்கொள்ளவே இல்லை. முந்தின வாரம் ஓடியது கறுப்பு லாட்டு. மூக்கில் வருவது வயிற்றிலும் வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தான். தலை சுற்றியதை வெயில் மேல் போட்டான்.

4

இனி வருவதைப் படித்தால் வெள்ளையம்மாள் சொன்னதை நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். இவ்வளவு கெட்டிக்காரியா? ஆனால் அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். ஆயிரம் வெள்ளைப் பனியனில் ஒரு பொட்டுக் கறையைப் பிடிக்கிற கண்.

விடிந்த நேரம். லைன் வீட்டுப் பொதுக் கக்கூஸ் வாசலில் காசிமாயன் சுருண்டு விழுந்தான். தூக்க ஓடிய வெள்ளையம்மாள் உள்ளே கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது, கருகருன்னு?"

"சாயம்தான்டி. கறுப்பு லாட்டு ஓடுச்சுல்ல…"

"அது போன வாரம்யா! இந்த வாரம் மஞ்சத்தானே ஓடுது? நேத்துத்தான ஒன் கைக்குட்டையைத் தொவைச்சேன், அம்புட்டும் மஞ்சளா இருந்துச்சு. மூக்குல மஞ்ச, வயித்துல மட்டும் எப்படிய்யா கறுப்பு?"

அவன் எழப் பார்த்து மறுபடி சரிந்தான். உதடு வெளுத்திருந்தது. அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

5

டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். முன்சிறுகுடலில் புண், அதில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழாய் வழியாகவே ஊசி போட்டு நிறுத்தினார். ரத்தமும் ஏற்றினார்கள்.

"அது சாயம் இல்லம்மா, ரத்தம். உள்ள கசிஞ்சு செரிச்சு வந்தா கறுப்பாத்தான் இருக்கும். இன்னும் ஒருநாள் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டார்."

"இனிமே மொளகாயக் கொறைக்கணுங்களா சார்?"

"மிளகாய் மேல பழி போடாதீங்க. வலி மாத்திரைதான் பண்ணியிருக்கு. கூடவே ஒரு கிருமியும் இருக்கு. அதுக்கு மருந்து தர்றேன், நல்லாயிட்டதுன்னு பாதியில நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையை மட்டும் தொடவே கூடாது. திரும்பக் கசிஞ்சா ஆபத்து."

6

காசிமாயன் பட்டறைக்குத் திரும்பினான். தோள்வலியும் திரும்பியது. மறுபடி ஷிப்மென்ட், மறுபடி டீ நேரம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது மயில்சாமிக்குத் தெரியாது. பாசத்தோடு கையை நீட்டினார்.

"ரொம்ப வலிக்குதுங்களா? ஒண்ணே ஒண்ணு போட்டுக்குங்க மாப்பிள."

காசிமாயன் அந்த மாத்திரையை வாங்கி…

இங்கேதான் அருள்புரம் வந்து, வெள்ளையம்மாள் இறங்கிவிட்டார்.

முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்: அவன் அதைச் சாக்கடையில் எறிகிறான். ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தான், நம்ப முடியவில்லை. முடிவு இரண்டு: விழுங்கிவிடுகிறான். அதை எழுதக் கை வரவில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. பேனாவை மூடிவிட்டேன். இனி உங்கள் பாடு.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. பஸ் குலுங்கியபோது அந்தத் தூக்குப்போசி என் முழங்காலில் இடித்தது. "பாத்துங்க, சுடும்" என்றார் வெள்ளையம்மாள். "வெறும் வயித்தோட டீ குடிக்கிறதுக்குள்ள போயிரணும்." யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.