சட்டையில் இல்லாத வாக்கியம்

ஐந்தரைக்கு எவரெட் எழுந்தான். பல் துலக்கினான். காருக்கு முன்னால் குவிந்திருந்த பனியை வாரி ஒதுக்கினான். காரை எடுத்ததும் காலியான இடத்தில் பழைய சமையலறை நாற்காலி ஒன்றைப் போட்டான். சிகாகோவில் பனிக்காலத்தில், பனி வாரிய இடத்துக்கு அந்த நாற்காலிதான் பட்டா. எவனும் நகர்த்த மாட்டான். அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பெட்டி டீ-சர்ட்டை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்பினான். பதினொன்றுக்கு அவன் மனைவி ரெனீட்டாவின் அடக்கம்.

நாற்காலியில் கீயான் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது. வலது கையை ஜாக்கெட் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பேட்டையின் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டி அடுத்த பேட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. சாலையைத் தாண்டும் அந்த முனை வேறு பையன்களுடையது. அடி வாங்கியவன் கத்தி வைத்துக்கொண்டான். கத்தியைப் பார்த்தவன் துப்பாக்கி வாங்கினான். செத்தவனைக் கிண்டல் செய்து ஒருவன் வீடியோ போட்டால் அந்த வாரமே இன்னொரு சாவு விழுந்தது. ரவுடித்தனம் என்றது டிவி. பயம் என்றாள் ரெனீட்டா. "வேலை கேட்டா ஆறு மாசம் அலைய விடறாங்க. துப்பாக்கி கேட்டா மத்தியானத்துக்குள்ள கைக்கு வந்துடுது."

மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் அந்த முனையில் நின்றாள். கீயானை மூன்று வருடம் சாலை தாண்ட வைத்தவள் அவள்தான். துப்பாக்கியை நீட்டியவனிடமே கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டவள். அவன் யோசித்துப் பதில் சொல்வதற்குள் எதிராளியை வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனைக் குறிவைத்தான். அவள் நடுவில் போனாள். அவளை அழைத்துப்போக வந்த எவரெட் எதிர்ச்சாரியில் காரில் இருந்தான்.

சுட்டவன் அத்தை வீட்டில் பதுங்கியிருக்கிறான், முகவரி கிடைத்துவிட்டது, அடக்கத்துக்கு முன்னாலேயே முடித்துவிடப் போகிறேன் என்றான் கீயான். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான்.

எவரெட் காரிலிருந்து பெட்டியை இறக்கினான். ஒரு டீ-சர்ட்டை எடுத்து நீட்டினான். அடக்கத்துக்கு எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். ரெனீட்டாவின் படத்துக்குக் கீழே, 'அவள் கடைசியாகச் சொன்னது: ஆயுதங்களைக் கீழே வையுங்கள், பிள்ளைகளே' என்று அச்சடித்திருந்தது.

கீயான் படித்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"இதை யாரு எழுதினது?"

"எங்க அக்கா."

"மிஸ் ரெனீட்டா இப்படிப் பேசவே மாட்டாங்கண்ணே. என்னைத் திட்டினதுல பாதியைப் போட்டாக்கூட சர்ச்சுக்குள்ள விடமாட்டாங்க." சட்டையை மடியில் வைத்துக்கொண்டான். "நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. நிஜமா என்ன சொன்னாங்க?"

சட்டையில் இருப்பதுதான் என்று சொல்லிவிடலாம். உன்னைத்தான் போக வேண்டாம் என்றாள் என்றும் சொல்லலாம். ஆனால் ரெனீட்டாவிடம் மூன்று வருடம் பொய் சொல்லிப் பிடிபட்டவன் கீயான். பொய்யை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

உண்மையை எவரெட் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போலீசிடம்கூட இல்லை. அவள் கடைசியாகச் சொன்னதில் தன் பெயர் இல்லை, தனக்கென்று ஒரு வார்த்தை இல்லை என்று அவனுக்குக் கோபம்.

சொன்னான். நடைபாதையில் அவள் தலை அவன் மடியில் இருந்தது. சுட்டவன் சந்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். அவள் ஓடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே சொன்னதை, சொன்னபடியே சொன்னான்.

கீயான் தலையைக் குனிந்துகொண்டான். கையை வெளியே எடுத்தான். துப்பாக்கியை டீ-சர்ட்டில் சுற்றிப் பெட்டிக்குள் அடியில் செருகினான். விரல்கள் விறைத்திருந்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்றான்.

எவரெட் இன்னொரு தடவை சொன்னான்.

"அந்தப் பையன் இந்தக் குளிர்ல ஜாக்கெட்கூட இல்லாம ஓடறான் பாரு. அவங்க அம்மாவுக்கு ஒரு போன் போடு."