அடுத்த வீட்டுப் பையன் கெடுத்தான்

பிரேசிலில் எங்கள் ரெசிஃபி நகரச் சீர்திருத்தப் பள்ளியில் அதற்குப் பெற்றோர் கூட்டம் என்று பெயர்தான். அப்பா என்று ஒருவரையும் அங்கே நான் பார்த்ததில்லை. வருவதெல்லாம் அம்மாக்கள். அவர்கள் வாயைத் திறந்தால் எங்களுக்கு நேரம் போவதே தெரியாது.

ஆனால் அந்த ஜூன் மாதக் கூட்டம் அப்படியில்லை. புனித ஜோவான் திருநாளுக்கு மூன்று நாள் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று மனநல டாக்டரம்மா அன்றுதான் முடிவு செய்வார். எங்கள் தெருவில் திருநாள் தீ மூட்டி ஆடியதைப் பார்த்து எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"பையன் ஏன் போதைக்குச் செருப்புப் பசைய மோந்தான்? காரணமே தெரியாத வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

என் அம்மா லிண்டினால்வா முந்திக்கொண்டாள். "சேர்க்கை சரியில்ல டாக்டரம்மா. பக்கத்து வீட்டு கிளேட்டன்தான் கெடுத்தான்."

கிளேட்டனின் அம்மா மார்லூசி அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். "யாரு, எம்புள்ளயா? உன் எட்வானியோ பொறக்கும்போதே பசை டப்பாவோட பொறந்தவன்டி!"

எட்வானியோ நான்தான்.

"வாய அளந்து பேசு! உன் புள்ள நிழல் பட்டா பச்ச மரமே பட்டுப்போகும்!"

கிளேட்டனும் நானும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம். காவலர்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லது" என்றார் டாக்டரம்மா. "ஒருத்தன ஒருத்தன் கெடுக்கிறவங்கள ஒரே தெருவுக்கு ஒண்ணா அனுப்ப முடியாது. ஒருத்தன்தான் போகலாம். யாரு?"

எங்கள் சிரிப்பு அதோடு நின்றது. அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எட்வானியோவா? பத்தரமாத்துத் தங்கம்! அவன் எங்க எம்புள்ளயக் கெடுத்தான்?" என்றாள் மார்லூசி.

"கிளேட்டன் மாதிரி ஒரு புள்ளயப் பெக்கத் தவம் செஞ்சிருக்கணும் டாக்டரம்மா!" என்றாள் அம்மா.

"சரி, ரெண்டும் தங்கம். அப்போ பசைய மோக்க வெச்சது யாரு?"

இனியும் சும்மா இருந்தால் திருநாள் அம்போதான். எழுந்து நின்றேன்.

"பசிதான் டாக்டரம்மா. மோந்தா பசி தெரியாது."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "என்னடா சொல்ற? தெனமும் ஒரு தட்டு சோறும் பீன்ஸும் மூடி வெச்சிட்டுத்தானே வேலைக்குப் போனேன்?"

"வெச்சம்மா. கிளேட்டன் வீட்ல அடுப்பே எரியல. பாதிய அவன் தின்னான். மிச்ச வயித்துக்கு ரெண்டு பேருக்கும் பசை."

மார்லூசி கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். தையல் கூடத்தில் தன்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதை அவள் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. ரோஷக்காரி. கிளேட்டன் என்னை முறைத்தான். ஏன்டா சொன்னோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கெடுத்தது பசிதான் என்று தெரிந்ததும் டாக்டரம்மா இரண்டு பேரையும் அனுப்புவதாகச் சொன்னார். அம்மாவின் காதில் அது விழவே இல்லை. மார்லூசியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நடுவுல ஒரே ஒரு சுவருதானேடி? தட்டியிருந்தா இன்னொரு பிடி போட்டிருப்பேனே!"