மூன்று தட்டு

மாலை ஆறு பத்துக்கு, செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பெட்டி என்னை விட்டுத் திரும்பிக்கொண்டது. பெட்டி என்றால் டிவிக்குக் கீழே நாலடி நீளத்துக்குக் கறுப்பாகப் படுத்திருக்கிற சவுண்ட்பார். அதன் இரண்டு முனையிலும் சின்னச் சொம்பு அளவில் ஒவ்வொரு ஸ்பீக்கர். சுவிட்சைப் போட்டால் இரண்டும் மோட்டாரில் மேலே எழும்பி, நாம் உட்கார்ந்திருக்கும் பக்கமாகக் கழுத்தைத் திருப்பும். குதிரை காதைத் திருப்புமே, அந்த மாதிரி. அன்றைக்கு அந்த இரண்டு காதும் 'ர்ர்ர்' என்று நகர்ந்து, ஜன்னலோரம் சும்மா கிடந்த மர நாற்காலியைப் பார்த்து நின்றன. அது என் மனைவி அமுதவல்லியின் நாற்காலி. அவள் தை மாதம் செத்துப்போனாள். பெட்டி வந்தது சித்திரையில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

பெட்டியை வாங்கி அனுப்பியது ஓசூரில் இருக்கும் என் மகன் அறிவழகன். முப்பத்திரண்டு வருஷம் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்று ஒரே ரூட்டில் கண்டக்டராக விசில் ஊதியதில் என் காதில் மெல்லிசான சத்தமெல்லாம் செத்துவிட்டது. கொசு பாடுவது கேட்காது. கொலுசு கேட்காது. நான் டிவி வைக்கிற சத்தத்தில் பாலக்கோடு மண்டியில் அடுக்கிய தக்காளிக் கூடை தானாகச் சரிகிறதாக ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான், அது வேறு விஷயம். சத்தத்தை ஊருக்கெல்லாம் கொடுக்காமல் என் ஒருவன் காதுக்கு மட்டும் கொண்டுவந்து கொட்டும் என்று சொல்லித்தான் மகன் இதை வாங்கினான்.

போன் போட்டேன்.

"ப்ளக்கப் புடுங்கி அஞ்சு நிமிசம் கழிச்சு மாட்டுங்கப்பா."

"மாட்டிட்டேன்."

"பின்னாடி சின்னதா ஒரு ஓட்ட இருக்கும். குண்டூசிய வுட்டு பத்து செகண்ட் அமுக்குங்க."

"அமுக்கிட்டன்டா. அது மறுபடியும் உங்கம்மாளத்தான் பாக்குது."

"நூர் பாஷா பாயக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நூர் பாஷா கடைத்தெருவில் டிவி ரிப்பேர் பார்ப்பவர். மறுநாள் மத்தியானம் வந்தார். பெட்டியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், ஸ்பீக்கர் கழுத்தில் ஊதினார். அது அவர் சொன்ன பக்கமெல்லாம் சமர்த்தாகத் திரும்பியது. பழுதான வண்டி டிப்போவுக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாக ஓடுமே, அதே புத்தி. "ஒண்ணுமில்லண்ணா. இது ஆளத் தேடற பெட்டி. உக்கார்ற எடத்துல உக்காந்துட்டு மூணு தட்டு தட்டணும். எந்தப் பக்கம் தட்டு கேக்குதோ அங்கதான் ஆளு இருக்குதுன்னு திரும்பிக்கும்" என்றார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்துச் சட்டத்தைத் தட்டச் சொன்னார். தட்டினேன். இரண்டு காதும் என்னைப் பார்த்தன. டீயைக் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு பத்துக்கு டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிஷம், ர்ர்ர்.

பயந்தேனா என்றால், பயந்தேன். பயம் வந்தால் சிலருக்குக் காய்ச்சல் வரும். எனக்குப் பேச்சு வரும். மறுநாள் காலையில் டீக்கடையில் பெட்டி நாற்காலி பக்கம் திரும்புகிறது என்றேன். பத்து மணிக்கு அது தலை குனிந்து கும்பிட்டது. மத்தியானம், அது "ஏங்க" என்று கூப்பிட்டதாகவும் நான் "இருடி வரேன்" என்று பதில் சொன்னதாகவும் ஆகிவிட்டது. சாயங்காலம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்று, காதுகள் திரும்பியதும் 'அய்யோ ஆத்தா' என்று செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்கள் போனபின் நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் சோறு தின்றேன்.

நான் விட்ட கதை பஸ் ஏறி மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாலாம் நாள் அதே பஸ்ஸில் கலைமணி வந்து இறங்கினாள்.

கலைமணி அமுதவல்லியின் தங்கை. ஒன்பது வருஷமாக அக்காவோடு பேச்சில்லை. சாவுக்கு வந்தாள்; பந்தலுக்குள் வராமல் தெருவிலேயே நின்று, தூக்கிக்கொண்டு போகும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். இப்போது நடையில் நின்றுகொண்டு, "அக்கா வருதாமே மாமா?" என்று கேட்டாள். அவள் கேட்ட மாதிரியில், வாயில் வந்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டேன். "உக்காரு" என்றேன்.

நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறேகாலுக்குக் காதுகள் திரும்பின. அவள் எழுந்து ஓடவில்லை. கையை நாற்காலிப் பிடியில் வைத்து, அதன் வெற்று முதுகை அண்ணாந்து பார்த்து, "க்கா" என்றாள். மறுநாளும் வந்தாள். மாடு கன்று போட்டதைச் சொன்னாள், மருமகளைப் பற்றி ஒரு மூட்டை குறை சொன்னாள், மூட்டு வலியைச் சொன்னாள். மூன்றாம் நாள் புறப்படும்போது என்னிடம், "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. அத்த மட்டும் கேட்டுட்டேன்னா அப்பறம் வரமாட்டன்" என்றாள்.

என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் அறிவழகன் கல்யாணத்தில் கலைமணி அக்காவுக்கு முறையாக ஒரு மாம்பழக் கலர் பட்டுச்சேலை கொண்டுவந்து தட்டில் வைத்தாள். நான் பாட்டுக் கச்சேரிக்காரன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் பாத்துக்குங்க! போன தீவாளிக்கு நாங்க குடுத்த சேலதான், ரிட்டன் டிக்கெட் எடுத்து ஏறி வந்திருக்குது!" என்றேன். சுத்தப் பொய். மண்டபமே சிரித்தது. கலைமணி அக்காவைப் பார்த்தாள். அமுதவல்லியும் அந்த நேரத்தில் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்திருந்தாள். வீட்டில் அக்கா பேசிப் பேசித்தான் மாமா வாயில் வருகிறது என்று கலைமணி நினைத்துக்கொண்டாள். இலையில் உட்காராமல் போனாள். "நீங்க போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க, நான் சொன்னா நம்பமாட்டா" என்று அமுதவல்லி எத்தனையோ தடவை கேட்டாள். ரிட்டயர் ஆகும் வரைக்கும் என் வண்டி தினமும் இரண்டு நடை கலைமணி வீட்டு முன்னால் நின்று போனது. அவள் வாசலில் நின்றால் நான் மற்றப் பக்கம் திரும்பி விசில் ஊதினேன்.

அந்த மூன்றாம் நாள், கலைமணி போன கொஞ்ச நேரத்தில் நூர் பாஷா வந்தார். அவரிடம் நான் சொல்லியிருந்தபடி, பழுது வருகிற நேரத்துக்கே வந்து பார்க்கலாம் என்று வந்தவர், கலைமணி இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டில் காத்திருந்தாராம். நாற்காலிக்கு மேலே சுவரில் அமுதவல்லி படம். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று, "ணா, கேட்டுச்சா?" என்றார்.

"என்னா?"

"பல்லிண்ணா! படத்துக்குப் பின்னாடி. டிக் டிக் டிக்குன்னு மூணு. பெட்டி அத்த தட்டுன்னு நெனச்சிக்கிச்சு. லைட்டப் போட்டதும் பூச்சி வரும், பூச்சிக்கு இது வரும். உங்களுக்குக் கேக்கலியா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நூர் பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, அமுதவல்லி அந்த நாற்காலியின் பிடியில் ஆள்காட்டி விரலை மடக்கித் தட்டுவது ஞாபகம் வந்தது. பல்லி சொன்னால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். யாராவது பேசி முடித்ததும் பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம். முப்பத்தெட்டு வருஷத்தில் என் பேச்சுக்கு ஒரு பல்லிகூடச் சொன்னதில்லை என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பாள்.

வேண்டாம், இருக்கட்டும் பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படத்தைத் தூக்கி விளக்குமாற்றை நீட்டிவிட்டார். வெளுத்த, குட்டை வாலுள்ள ஒரு பல்லி சுவரில் இறங்கி, ஜன்னல் கம்பி வழியாக முருங்கை மரத்துக்குப் போனது. "இனிமே தொந்தரவே இல்லண்ணா" என்று, கட்டில் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டிப் பெட்டியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் கலைமணி குளித்துத் தலை முடிந்து, அடர்ந்த மாம்பழக் கலரில் ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அதே கடையில் அன்று தனக்கும் ஒன்று எடுத்திருந்தாளாம். இத்தனை வருஷமும் மடிப்புப் பிரிக்கவில்லையாம். தரையில் உட்கார்ந்தாள். டியூப்லைட் எரிந்தது. ஆறேகால் ஆனது. ஆறரை ஆனது. பெட்டி என்னையே பார்த்துக்கொண்டு தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"க்கா, நீ ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?" என்றாள். காதுகள் அசையவில்லை. "நான் புதுசாத்தான்க்கா எடுத்தேன்." அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் போனாள். "கோவம் போவல மாமா அதுக்கு. செத்தும் போவல."

இரண்டு வார்த்தையில் பல்லிக் கதையைச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்து பஸ் ஏற்றியிருக்கலாம். நான் அதில் கெட்டிக்காரன். டிவியை மட்டும் அணைத்தேன்; பெட்டியின் சுவிட்சைத் தொடவில்லை. "கலைமணி, உக்காரு" என்றேன். "உங்கக்கா ஒண்ணுமே சொல்லல. வூட்டுலயும் சொல்லல, எங்கியும் சொல்லல. மைக்கு கையில கெடச்சுது, நானா வுட்டேன். உன்ன வந்து பாத்து சொல்லுங்கன்னு அவ சாவற வரைக்கும் கேட்டா. நாந்தான் வரல."

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். கலைமணி என்னைத் திட்டவில்லை. எதையோ கேட்கிறவள்போல் தலையைச் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தையும், பிறகு சுவரில் இருந்த அக்கா படத்தையும் பார்த்தாள். எனக்கு விசில் தின்ற காது. வீடு முழுக்க நிசப்தம்.

"பல்லி சொல்லுது" என்றாள் மெதுவாக. விரலை மடக்கி, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் தரையைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ர்ர்ர் என்றது. இதில் ஒரு அங்குலம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை: இந்தப் பக்கத்து ஸ்பீக்கர் தாழ்ந்து, தரையில் மாம்பழக் கலரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் அவளைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கே நின்றது.